என் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் நின்ற மச்சானுக்கு

மச்சான்,

நேற்றுக் காலை நம்ம மேலப்பங்கு வயலில் நீ நின்றுகொண்டிருந்தாய். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. முதுகு என் பக்கம். டீ வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டிலிருந்து வரப்பில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு சம்பா அறுவடை முடிந்து மூன்றாவது நடவு நடக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாய் என்னைக் கேட்காமலே "மச்சான்!" என்று கூப்பிட்டுவிட்டது.

சட்டை திரும்பியது. உள்ளே இருந்தவர் வங்காளத்துக்காரர். நாற்பது வயது இருக்கும், மீசையில் நரை. "ஜி?" என்றார். நான் டீ வாளியை உயர்த்திக் காட்டிச் சமாளித்தேன். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. நீ இருந்திருந்தால் இந்த ஒன்றை வைத்தே ஒரு வருஷம் என்னை ஓட்டியிருப்பாய்.

இப்போது இங்கே நடவுக்கு வங்காளத்திலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். ஆம்பிளைகள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள், பார்க்கிற நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்தால், என் மருமகள்தான் பழைய டிரங்குப் பெட்டியைக் காலிசெய்து அவர்களுக்குச் சட்டை கொடுத்திருக்கிறாள்.

"மாமா, அது எந்தக் காலத்துச் சட்டையோ. பூச்சி அரிக்கறதுக்கு ஒருத்தர் போட்டுக்கட்டுமேன்னு குடுத்தேன். ஏன், வேணுமா?"

"வேணாம்மா" என்றேன். வேணும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்தச் சட்டை டெரிகாட்டன், மனுஷனைவிட ஆயுசு கெட்டி. கழுத்துப் பட்டைக்குள் ஓர் ஓரத்தில் நம் வயல் சேறு எத்தனை துவைப்புக்கும் போகாமல் கறையாக உட்கார்ந்திருக்கிறது. நீ போன பிறகு அவ்வப்போது பெட்டியைத் திறந்து அந்தக் கறையைப் பார்ப்பேன். உன் நினைவாக என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். எப்படியாவது அதைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சட்டையில் நான் வயலில் இறங்கியதைப் பார்த்து நீ முதன்முதலில் சிரித்தது நினைவிருக்கிறதா? ஊரில் அத்தனை ஆம்பிளையும் கோவணமும் தலைத்துண்டுமாக வேலை செய்யும்போது நான் மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டுவேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை போன பெருமை. போனேன், தாண்டவில்லை என்பது வேறு விஷயம். "படிச்சவன் வெட்டுற அண்டையப் பாரு, பாம்பு வந்தா தலை சுத்திப்போயிடும்" என்பாய். வரப்பு அவ்வளவு கோணல். உன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு வாரம் 'நீங்க வாங்க' என்று மரியாதையாகப் பேசிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்காமல் விட்டுவிட்டோம்.

அப்போது உன் நிலமும் என் நிலமும் பக்கத்துப் பக்கத்துக் குத்தகை. இரண்டுமே பண்ணைக்குச் சொந்தம். குத்தகை நெல்லை அளந்துபோட்டுவிட்டு மிச்சத்தில் வருஷத்தைத் தள்ள வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் குறுவை போச்சு. சுற்று ஊர்களில் கூலிக்கும் நிலத்துக்கும் சண்டை, சிவப்புக் கொடி, போலீஸ் முகாம். குத்தகைக்காரனை நிலத்தைவிட்டுச் சும்மா எழுப்பிவிட முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் அவன் தானே இறங்கிப் பாடுபட வேண்டும். ஆள் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால் பண்ணை கோர்ட்டுக்குப் போகும். பெண்டாட்டி பாடுபட்டாலும் செல்லும் என்று டவுன் வக்கீல் சொன்னார். அதை நிரூபிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்றும் அவரே சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நாகூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் மூலம் அரபு நாட்டுக்கு விசா வந்தது. ஒரே ஒரு விசா. நாம் இரண்டு பேருமே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். ஸ்டுடியோவில் இருந்த ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோமே, எனக்குக் கை குட்டை, உனக்குத் தோள் தொங்கல். போக வேண்டும் என்ற ஆசை என்னைவிட உனக்குத்தான் அதிகம். ஆகாயத்தில் ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் உழவை நிறுத்திவிட்டு அது மறையும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நீ.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசினோம். "ரெண்டு பேரும் போனா ரெண்டு நிலமும் போவும். ஒருத்தன் இருக்கணும்" என்றாய். சீட்டுப் போட்டுப் பார்ப்போமா என்றேன். "சீட்டு என்னத்துக்கு? யாரு போனா வயலுக்கு நட்டம் கம்மி?" என்று கேட்டுவிட்டு என் வரப்பைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். அதற்கு மேல் விவாதத்துக்கு இடமில்லை. நாட்டுக்கு நாடு ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். நான் போனதற்குக் காரணம், என்னால் ஒரு வரப்பை நேராகப் போட முடியவில்லை.

அன்றைக்கு நீ சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. எல்லாரும் வயிற்றுப் பாட்டுக்காகத்தானே சீமைக்குப் போகிறார்கள் என்று நான் ஏதோ சொல்லப்போக, நீ தலையை ஆட்டினாய். "வயித்துக்கு இல்லாதவனால போவ முடியுமா மாப்ள? அவனுக்கு டிக்கெட்டு எவன் எடுப்பான்? அடகு வைக்கத் தங்கச்சி கழுத்துல ஒரு சங்கிலி இருக்கு, அதனால நீ போற. இருக்கறது போயிருமோன்னு பயந்தவனும், இன்னும் ஒரு முழம் வேணும்னு நெனைக்கறவனும்தான் போறான்." அங்கே போய் எத்தனையோ பேரைப் பார்த்தேன் மச்சான், மலையாளி, பாகிஸ்தான் பட்டாணி, சிலோன்காரன். கேட்டால் எல்லார் கதையும் நீ சொன்ன அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தது.

விசாவில் நான் தச்சன். அதுவரை நான் அடித்த ஆணி வீட்டில் சாமி படம் மாட்ட அடித்த ஒன்றுதான், அதுவும் சாய்வு. இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பலகை தூக்கப் போட்டார்கள். ஆனால் ஹிந்தி கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட நாளில் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் ஹிந்தி எழுத்தின் மேல் நான் தார் பூச, நீ ஏணியைப் பிடித்து நின்று பாதித் தாரைத் தலையில் வாங்கிக்கொண்டாயே, தார் பூசிய அதே கையை நீட்டித்தான் அங்கே கேம்ப் சமையல்காரனிடம் ஹிந்தியில் இன்னொரு கரண்டி பருப்புக் கேட்டேன்.

போகும்போது அந்த நீலச் சட்டையை நான் மறந்துவிட்டுப் போகவில்லை. நீதான் கேட்டு வாங்கிக்கொண்டாய். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த வலங்கைமான்காரர் ஒருவர் கையில் நீ பேசி அனுப்பிய கேசட்டில்தான் விஷயமே தெரிந்தது. வேலை முடிந்த சாயங்காலம், கேம்ப்பில் நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்கார, டேப்பைப் போட்டோம்.

"மாப்ள, நான்தான் பேசுறேன். நல்லா இருக்கியா. இங்க உன் சட்டையப் போட்டுக்கிட்டு நான்தான் இப்ப நீ. காலையில உன் வயல்ல சட்டையோட நீ. உச்சிப் பொழுதுக்கு மேல பூவரச மரத்துக்குப் பின்னால போயி கழட்டி வச்சிட்டு என் வயல்ல நான். ரோட்டுலேருந்து பாக்குறவனுக்கு என்ன தெரியும்? நேத்து பண்ணைக் காரியஸ்தர் குடையப் புடிச்சிக்கிட்டு வந்து நின்னாரு. 'ஏம்பா, உன் மாப்ள ஊர்லதான் இருக்கானா'ன்னாரு. 'காலையிலேருந்து அண்டை வெட்டிக்கிட்டு இருந்தாருங்களே, ஐயா பாக்கலையா'ன்னேன். 'சட்டையப் பாத்தேன், ஆள எங்க'ன்னாரு. 'இப்பதாங்க ஒதுங்கப் போனாரு'ன்னேன். 'முந்தாநாளும் ஒதுங்கப் போனான், நேத்தும் ஒதுங்கப் போனான்'ன்னாரு. 'வயிறு சரியில்லைங்க'ன்னுட்டேன். மாப்ள, உனக்கு ஒரு மாசமா வயித்தால போவுது. மறந்துடாத. ஊருக்கு வந்தா யாராச்சும் கேப்பாங்க."

கேம்ப்பே உருண்டது. அன்றிலிருந்து எனக்கு அங்கே பேரே 'வயிறு'தான். பிறகு உன் குரல், "இரு மாப்ள, இதக் கேளு" என்றது. டேப்ரிக்கார்டரை மதகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாய் போல. மேட்டூர்த் தண்ணீர் வந்து திறந்த சத்தம். வேறு பேச்சு இல்லை, தண்ணீர் மட்டும்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சுற்றிலும் மணல், எங்கோ ஜெனரேட்டர் ஓடுகிறது, நடுவில் நம் வாய்க்கால். டேப் முடிந்து 'டக்' என்று நின்றது. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர், "இன்னொரு தடவ போடுங்க" என்றார். "எங்க ஊரு கடைமடை. அங்க வர்றதுக்குள்ள இந்தச் சத்தம் செத்துப்போயிடும்" என்றார்.

என் பையன் நடக்கக் கற்றுக்கொண்டதும் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான். பெட்டி மேல் வைத்திருந்த என் போட்டோவில் அதே சட்டை. வயல் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தால் அவன் "அப்பா!" என்று கத்திக்கொண்டு வரப்பில் தத்தித் தத்தி உன்னிடம் ஓடுவானாம். நீ அவனைத் தூக்கி, "அப்பா இல்லடா, அப்பாவோட சட்டை" என்பாயாம். உன் தங்கை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

முதல் லீவில் வரும்போது உனக்காக ஒரு விசா வாங்கிக்கொண்டு வந்தேன். மேஸ்திரி காலைப் பிடித்து வாங்கியது. இன்னும் பேர் எழுதாத தாள், பம்பாய் ஏஜெண்டிடம் கொடுத்துப் பேர் போட வேண்டியதுதான் பாக்கி. இனி நீ போ, நான் இருக்கிறேன், வரப்புப் போடக் கற்றுக்கொள்கிறேன் என்பதுதான் என் திட்டம். வந்த மறுநாளே காரியஸ்தர் வீட்டுக்கு வந்துவிட்டார். குடையைச் சுவரில் சாய்த்தார். காப்பியை ஆற்றிக் குடித்தார். நீ நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாய்.

"வயிறு இப்ப தேவலையா?" என்றார் என்னிடம்.

"தேவலைங்க."

"அரபு நாட்டு வெயிலு வயித்துக்கு ரொம்ப நல்லதுன்னு கேள்விப்பட்டேன்."

நான் அவர் டம்ளரை எடுக்கக் குனிந்துகொண்டேன். நீ மட்டும், "ஐயாவுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றாய்.

"முத நாளே தெரியும். உன் மாப்ள வெட்டுன அண்டை இவ்வளவு நேரா இருந்ததே கிடையாதேப்பா" என்றார். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஊரை ஏமாற்ற எல்லாம் யோசித்த உனக்கு, கோணலாக வெட்ட மட்டும் வரவில்லை.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "பண்ணையில நான் இன்னும் வாயத் தெறக்கல. தெறக்கறதும் தெறக்காததும் என் கையிலதான் இருக்கு. என் பையன் காலேஜு முடிச்சிட்டுச் சும்மா நிக்கிறான். எனக்குப் பண்ணையில சம்பளம் நெல்லு. என் அப்பாவுக்கும் நெல்லு. அவனுக்கும் நெல்லேதானா? ஒரு விசா வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்." மிரட்டலா, கெஞ்சலா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது.

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து உன் தங்கைதான் வந்தாள். "அண்ணே, நீ போ. நிலம் போனா போவட்டும். பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு வானத்தயே பாத்துக்கிட்டு இருப்ப?"

நீ சிரித்தாய். "போயி என்ன பண்றது? சம்பாதிச்சு நிலம் வாங்கத்தானே போறது? இருக்கற நிலத்த விட்டுட்டுப் போயி நிலம் வாங்கிட்டு வரணுமாக்கும்."

"மச்சான், இது உனக்குன்னு வாங்கினது" என்று தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டாய். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாய். "இதுதான் அரபு எழுத்தா? நல்லா இருக்கு. நம்ம வாய்க்கா வளைஞ்சு போற மாதிரியே இருக்கு." விரலால் அந்த எழுத்து மேலேயே வலமிருந்து இடமாகத் தடவினாய். "பேரு எங்க எழுதுவாங்க?" என்று கேட்டாய். காட்டினேன். அந்த வெற்றிடத்தையும் தடவிப் பார்த்தாய். அப்புறம் நாலாக மடித்து என் பையிலேயே செருகிவிட்டாய்.

"அவரு பையனுக்கே குடுத்துடு. நான் போயிட்டா உன் சட்டைய யாரு போடறது?"

உன் மாதிரி பேச வராது எனக்கு. காரியஸ்தர் பையன் போனான், நன்றாகவே சம்பாதித்தான். நானும் திரும்பிப் போனேன். அதற்கப்புறம் நம் தெருவில் வெளிநாடு போகிறவன் எல்லாம் போவதற்கு முன்னால் உன்னிடம் ஒரு சட்டையோ கலர்த் துண்டோ கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தானே! உன் வீட்டுக் கொடியைப் பார்த்தால் ஊரில் இல்லாத ஆம்பிளைகள் அத்தனை பேரும் காய்ந்துகொண்டிருப்பார்கள். காரியஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "இன்னிக்கி நீ யாருப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

திருச்சியிலிருந்தே விமானம் கிளம்ப ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு தடவையும் என்னை ஏற்றிவிட நீயும் வருவாய். மற்றவர்கள் பஸ்ஸைப் பார்த்துக் கிளம்பிவிட, நீ மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது ஓடி மேலே ஏறும் வரை நிற்பாய். அடுத்த முறை வரும்போது கேட்பாய், "நான் கைய ஆட்டினேனே, தெரிஞ்சுதா?" தெரிந்தது என்பேன். எனக்கு எப்போதும் நடு சீட்டுத்தான் மச்சான். ஆனால் எந்தப் பக்கம் நீ நிற்பாய் என்று தெரியும், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பண்ணை நிலத்தை விற்றுக்கொண்டு மதராசுக்குப் போனபோது, குத்தகைக்காரர்களுக்குப் பாத்தியதை உண்டு என்று பேசி முடித்து நமக்கும் பங்கு கிடைத்தது. என் காசு பத்திரத்துக்கு ஆனது. ஆனால் அந்த நாள் வரை நிலத்தை நம் கையில் வைத்திருந்தது உன் உடம்பு. அதற்குப் பிறகுதான் அந்த நீலச் சட்டையைத் துவைத்து என் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினாய். என் பையன் படித்து இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, ஆணி அடிக்க வேண்டியதில்லை. "வாங்க மாமா, ப்ளேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டான். "நடவு முடியட்டும்டா" என்பாய். உனக்கு எந்த வருஷம் நடவு முடிந்தது? அந்தக் கோட்டுப் போட்ட பாஸ்போர்ட் படம்தான் பெரிதாக்கி, மாலை போட்டு, உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வேறு படம் நீ எடுத்துக்கொள்ளவே இல்லை. பார்க்கிறவர்கள் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் போல என்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பையன் அனுப்பிய புதுச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவிடுவது என்று திட்டம். வங்காளத்துக்காரர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் சட்டையைக் கழற்று என்று சொல்ல முடியுமா? என் கேம்ப் ஹிந்தியில் ஊர் எது என்று ஆரம்பித்தேன். ஏதோ ஆற்றங்கரை ஊர். நிலம் உண்டா என்றேன். கொஞ்சம் உண்டாம், அடமானத்தில் இருக்கிறதாம், மீட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாராம். அதை யார் பார்க்கிறார்கள் என்றேன்.

அண்ணன் என்றார். அவனுக்கும் வர ஆசைதான், இரண்டு பேரும் வந்துவிட்டால் வயல் என்ன ஆவது என்றார்.

போன் அடித்தது. அண்ணனேதான். படத்தில் வற்றலாக ஒரு முகம், தலையில் துண்டு. இவர் போனைத் திருப்பி நம் வயலை, நட்ட வரிசையை, மதகை, அப்புறம் என்னையும் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் போனைத் தன் வயல் பக்கம் திருப்பினார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னக் கருவியிலிருந்து அதே சத்தம் வந்தது மச்சான். உன் கேசட்டில் கேட்ட சத்தம்.

நான் சட்டையைக் கேட்கவில்லை. கையில் இருந்த புதுச் சட்டையை அவரிடம் கொடுத்தேன். இது உனக்கில்லை, ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு எடுத்துக்கொண்டு போ என்றேன். ஹிந்தி சரியாக வந்ததா தெரியவில்லை. புரிந்துகொண்டார். அவசரமாக அதைப் பிரித்து போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். அண்ணன்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். இவ்வளவு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன் என்கிறாராம்.

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொன்னேன். "அந்த அண்ணன்காரருக்கு அளவு சரியா இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை மறுபடி டீ வாளியோடு வரப்பில் இறங்கினேன். இந்த வரப்பு இன்னும் நீ போட்ட கோட்டில்தான் போகிறது. நான் கை வைக்கவே இல்லை. நீலச் சட்டை அதே இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தது. யார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

"மச்சான்!"

அவர் நிமிர்ந்து, சேற்றுக் கையைத் தூக்கி ஆட்டினார்.